கிளாம்ப் மீட்டரா, வாட் மீட்டரா?

எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜைத் தள்ளிவிடலாம் என்று நான் முடிவெடுத்தது ஒரு பெருக்கல் கணக்கை நம்பித்தான். வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 1.1 ஆம்பியர். மின்னழுத்தம் 228 வோல்ட். பெருக்கினால் 251 வாட். கம்ப்ரசர் நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் தினம் 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். ஆனால் வீட்டு மொத்த பில்லே 230 யூனிட்தான். மீதி 50 யூனிட்டில் மூன்று மின்விசிறி, விளக்குகள், டிவி, வெந்நீர் ஹீட்டர் எல்லாம் ஓடியிருக்க வாய்ப்பே இல்லை. எங்கோ தப்பு. அதைத் தேடப்போய்த்தான் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டும் கையில் இருப்பதால் இந்த ஒப்பீடு. என் சாய்வு வாட் மீட்டர் பக்கம்தான், மறைக்கவில்லை.

விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் அல்லது நியூட்ரல், ஏதாவது ஒரு வயரை மட்டும் சுற்றிப் பிடிக்க வேண்டும். முழு கேபிளையும் பிடித்தால் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். வயர்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இதற்கென்றே வேண்டும். வாட் மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் இரண்டையும் 1000 வாட் வெந்நீர் ஹீட்டரில் வைத்துப் பார்த்தேன். 228 வோல்ட், 4.3 ஆம்பியர். பெருக்கினால் 980 வாட். வாட் மீட்டரும் அதையே ஒட்டிக் காட்டியது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 53 ஓம். மாலையில் மின்னழுத்தம் 205 ஆக இறங்கியபோதும் அந்த 53 ஓம் ஏறக்குறைய அப்படியே நின்றது. திறன் மட்டும் 793 வாட்டுக்கு விழுந்தது. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் சூடு பத்தொன்பது சதவீதம் குறைகிறது, ஏனென்றால் மின்னோட்டமும் கூடவே குறைகிறது. மாலையில் தண்ணீர் சூடாகத் தாமதமாவதற்கு ஹீட்டரைத் திட்டிப் பயனில்லை. இஸ்திரிப் பெட்டி, கீசர், ஹீட்டர் மட்டுமே உங்கள் கவலை என்றால் கிளாம்ப் மீட்டரே போதும், இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சிக்கல் மோட்டாரில் தொடங்குகிறது. அதே ஃப்ரிட்ஜை வாட் மீட்டரில் செருகினேன். அதே 228 வோல்ட், அதே 1.1 ஆம்பியர். வாட் மட்டும் 148! பக்கத்திலேயே திறன் காரணி, அதாவது பவர் ஃபேக்டர், 0.59 என்று இருந்தது. மோட்டார் சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது. அதனால் வாங்கும் ஆற்றலில் ஒரு பகுதி காந்தப்புலமாகச் சேர்ந்து, வேலை எதுவும் செய்யாமல் அப்படியே லைனுக்குத் திரும்பிப் போகிறது. கிளாம்ப் மீட்டருக்கு வயரில் ஓடுவது தெரியுமே தவிர, அதில் எவ்வளவு வேலை செய்தது என்பது தெரியாது. வீட்டு மின்மீட்டர் கணக்கில் எடுப்பது வேலை செய்த பகுதியை மட்டும்தான். ஆக, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதோடு 0.59-ஐயும் பெருக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் 107 யூனிட் தின்னும் ஃப்ரிட்ஜை 180 யூனிட் தின்பதாகக் குற்றம் சாட்டியிருந்தேன். மின்தடைக் கணக்கும் இங்கே கெட்டுப்போகிறது. 228-ஐ 1.1-ஆல் வகுத்து வரும் 207 ஓம், சுருளின் மின்தடை அல்ல. மின்தடையோடு சுருளின் காந்த விளைவும் கலந்த மொத்த எதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ்.

கம்ப்ரசர் பாதி நேரம் ஓடுகிறது என்பதும் என் ஊகம்தானே. வாட் மீட்டரை ஒரு முழு நாள் அப்படியே விட்டதில் 1.7 யூனிட் என்று அதுவே கூட்டிச் சொல்லிவிட்டது. என் ஊகம் மோசமில்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மல்ட்டிமீட்டரில் நேரடியாக ஓம் பார்த்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஹீட்டரைக் கழற்றி வைத்துப் பார்த்தால் சரியாகவே வரும். பழைய 60 வாட் குண்டு பல்பில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

வாட் மீட்டரிலும் குறை உண்டு. என்னுடையது 9 வாட் எல்இடி பல்பில் ஒருமுறை 8, ஒருமுறை 10 என்று தடுமாறுகிறது. கிளாம்ப் மீட்டரோ அங்கே பூஜ்யத்தைத் தாண்டவே இல்லை. வயரை மீட்டரின் தாடையில் பத்துச் சுற்றுச் சுற்றி, வந்ததைப் பத்தால் வகுத்த பிறகுதான் ஏதோ தேறியது. ஏசியில் இரண்டையும் நான் வைத்துப் பார்த்ததில்லை. வாட் மீட்டர் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஐந்து வருடம் கழித்தும் இதே துல்லியம் இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கிளாம்ப் மீட்டரை விற்காமல் வைத்திருப்பது கிணற்று மோட்டாருக்காக. அதற்குப் பிளக்கே கிடையாது, வயர் நேராகப் பேனலுக்குப் போகிறது. ஹீட்டருக்கு நேர்மாறாக, மின்னழுத்தம் இறங்கினால் ஓடும் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்; தண்ணீர் தள்ளும் சக்கரம் இறுகினாலும் அப்படித்தான். அங்கே எனக்கு வாட் வேண்டாம், ஆம்பியர் போதும். நன்றாக ஓடும் நாளில் எத்தனை ஆம்பியர், அப்போது எத்தனை வோல்ட் என்று பேனல் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.