நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரியில் நாலரை மணி நேரம்

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன். வயது 51. விடியற்காலை மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் முன்னூறு மரம் வெட்டி முடிக்க வேண்டும். கத்தி பட்டையில் போகும்போது உள்ளே இருக்கும் தடியைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை மிச்சம் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரத்தில் காயம் விழும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வெட்டில் காயம் விழ ஆரம்பித்தது. தோட்டக்காரர் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணைக் கொண்டு காட்டுடே" என்றார்.

நான் போனது கண்ணாடிக் கடைக்கு. இலவச கம்ப்யூட்டர் பரிசோதனை என்று வெளியே போர்டு வைத்திருந்தார்கள். தாடையை மெஷினில் வைத்தேன், ஐந்தே நிமிடத்தில் பிளஸ் ஒன்றரை என்றார்கள். 1,400 ரூபாய் ஆனது. கண்ணாடியில் எந்தக் குறையும் இல்லை, வெட்டு மறுபடி சரியாகிவிட்டது. ஆனால் கடைப் பையன், "வேற ஒண்ணும் இல்ல, கண்ணு நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான். அதை நம்பி மூன்று வருஷம் இருந்துவிட்டேன். கண்ணாடிக்கு நம்பர் பார்க்கும் மெஷினால் கண்ணுக்குள் இருக்கும் நரம்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருஷம் கண் அரிப்பும் சிவப்பும் விடவே இல்லை. மெடிக்கல் ஸ்டோரில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி, தீரத் தீர அதையே போட்டேன். ஐந்து மாதம் இருக்கும். திருவனந்தபுரத்தில் நர்சாக இருக்கும் மகள் ஓணத்துக்கு வந்தவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டாள். "அப்பா, இது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதாம இத போடவே கூடாது" என்றாள். அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குப் பெரிய உதவி: கண் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை. கண்ணாடி செய்து விற்பவர் ஒருவர். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நான்கு வருஷம் படித்து, பார்வையை அளந்து நம்பர் எழுதிக் கொடுப்பவர். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவார். கண் டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண்ணுக்கென்றே எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. என்று ஏதாவது ஒன்று படித்திருக்க வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாம் அவர் வேலை. போர்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தை வாசித்துவிட்டு உள்ளே போகச் சொன்னாள்.

அப்படித்தான் நாகர்கோவிலில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒரு டாக்டரம்மா தனியாக நடத்தும் சின்ன இடம். அவர்களிடம் கேட்காமல் பெயர் போடுவது சரியில்லை என்பதால் எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கினேன், வெளியே வரும்போது ஒன்றரை. காத்திருந்த பெஞ்சில்தான் கண் டாக்டர் என்னவெல்லாம் செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு இந்தப் பக்கம் புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் காட்ட வந்த பெரியவர். அந்தப் பக்கம் குளச்சலிலிருந்து வந்த ஒரு அக்கா, சுகர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம், விழித்திரையை இப்போதுதான் முதல் தடவை காட்டுகிறார். பார்வை நன்றாகத் தெரியும்போதே உள்ளே ரத்தக் குழாய் கசிய ஆரம்பிக்கும் என்றும், சுகர் உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவையாவது காட்ட வேண்டும் என்றும் அவருக்கு யாருமே சொல்லவில்லை. எதிரே கிரைண்டிங் வேலையில் இரும்புத் துகள் தெறித்த பையன், கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். மாறுகண் உள்ள ஒரு சின்னப் பிள்ளை. நன்றாகத் தெரியும் கண்ணை மூடி ஒட்டி, சோம்பிக் கிடக்கும் கண்ணை வேலை வாங்குகிறார்களாம். சின்ன வயதில் செய்தால்தான் இது நன்றாகப் பலிக்கும் என்று அதன் அம்மா சொன்னார்.

முதலில் எழுத்துப் பலகை, நம்பர். அப்புறம் ஒரு பிள்ளை வந்து, "அண்ணே, டென்ஷன் பாக்கணும், வாங்க" என்றாள். நான் சட்டைக் கையை மடக்கினேன். "கை இல்லண்ணே, கண்ணுல" என்றாள். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைத்தான் டென்ஷன் என்கிறார்கள். மரத்துப்போகும் சொட்டு ஒன்று, மஞ்சள் சாயம் ஒன்று. நீல வெளிச்சத்தோடு ஒரு சின்னக் கூம்பு வந்து கருவிழியைத் தொடுகிறது. வலியே இல்லை. அளவு 10 முதல் 21 வரை இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள். எனக்கு வலது 28, இடது 25.

டாக்டரம்மா உடனே மருந்து எழுதவில்லை. "உங்க வீட்ல யாருக்காவது கண் தெரியாம போயிருக்கா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கடைசி நாலு வருஷம் பார்வையே கிடையாது. சுவரைத் தடவித் தடவித்தான் கிணற்றடிக்குப் போவார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும் வரை கேட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த இடத்துக்கு நான் முழு மார்க் போடுவேன்.

பிறகு கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்து உள்ளே பார்த்தார். எனக்கு விளங்க வைத்த விதத்தை எழுத வேண்டும். பேப்பரில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு வட்டம் போட்டார். வெளி வட்டம் நரம்பின் முகம், உள் வட்டம் அதன் நடுவில் இருக்கும் குழி. "நீங்க பால் பிடிக்கிற சிரட்டை மாதிரின்னு வச்சுக்குங்க. அழுத்தம் கூடினா குழி பெருசாகும், சுத்தி இருக்கற ஓடு மெலிஞ்சுகிட்டே வரும். அந்த ஓடுதான் நரம்பு" என்றார். கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். வடிகிற வழி சரியில்லை என்றால் அழுத்தம் ஏறும். பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மதகு அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டாம்.

நோயின் பெயர் கிளாக்கோமா. நமது பக்கம் கண் நீர் அழுத்தம் என்றும் சொல்வார்கள். குடும்ப வழியா, ஸ்டீராய்டு சொட்டா என்று கேட்டேன். இரண்டுமே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, எனக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொட்டை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். தெரிந்ததைத் தெரியும் என்றும், முடியாததை முடியாது என்றும் சொல்லும் டாக்டரை நம்பலாம்.

பார்வைப் பரப்பு சோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே மங்கலாக வெளிச்சம் மின்னும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஆறேழு நிமிடம், கண் சோர்ந்து போகிறது. வந்த தாளில் வலது கண்ணுக்கு மேலே, மூக்கோரம் கறுப்பாக இருந்தது. அந்த இடத்தில் எனக்குப் பார்வை இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்று இல்லாததை மற்றது நிரப்பிவிடுகிறது, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. போனது திரும்பி வராது என்று டாக்டரம்மா நேராகச் சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பதற்குத்தான் மருந்து.

சொட்டு எழுதும் முன் ஆஸ்துமா உண்டா, இளைப்பு உண்டா என்று கேட்டார். சில கண் சொட்டு அப்படிப்பட்டவர்களுக்கு மூச்சைப் பிடிக்குமாம். எனக்குக் கொடுத்தது இரவில் ஒரே ஒரு சொட்டு. கீழ் இமையை இழுத்துச் சொட்டை விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்க அதுதான் வழி. நர்ஸ் என்னையே செய்ய வைத்துப் பார்த்தார். ஆறு வாரம் கழித்து அளந்தபோது வலது 17, இடது 16.

குறையும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு அந்த ஹால் போதாது, இரண்டு ஃபேன் மட்டும்தான். கண்மணி விரிக்கும் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயிலைப் பார்க்க முடியாது என்பதை டோக்கன் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். அண்ணா பஸ் ஸ்டாண்டில் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வருகிற பஸ் எல்லாம் குலசேகரமா என்று ஆட்களிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் பைக்கில் போகாதீர்கள், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செலவு, இரண்டு நாளைக்கும் சேர்த்து எல்லாப் பரிசோதனைக்கும் 1,650 ரூபாய். கூலி வேலைக்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. முடியாதவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கண் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம், ஆனால் பார்ப்பவர்கள் கண்ணுக்கென்றே படித்த டாக்டர்கள்.

மகள் திருப்திக்காகத் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போய் வந்தேன். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியதன் கிளை, நெல்லையில் 1988 முதல் இருக்கிறது. அங்கேயும் அதையேதான் சொன்னார்கள், அதே சொட்டைத் தொடரச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மருந்து என்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நாகர்கோவில் டாக்டரம்மா அதற்கு முகம் சுளிக்கவில்லை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

கூடப் பிறந்தவர்களும் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். தம்பியைக் கூட்டிப் போனேன். அவனுக்குக் கண் அழுத்தம் 15, நரம்பும் நன்றாக இருக்கிறது, வருஷம் ஒரு தடவை வந்தால் போதும். அக்கா கருங்கலில் இருக்கிறாள், வயது 58. "எனக்கு நல்லா தெரியுதுடா" என்கிறாள். அப்பாவும் முதலில் இதையேதான் சொன்னார். எனக்கு அடுத்த பார்வைப் பரப்பு சோதனை பிப்ரவரியில், மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் நேரம். அதே நாளில் அவளுக்கும் சேர்த்து டோக்கன் சொல்லி வைத்திருக்கிறேன்.