விளையாட்டுக் காயத் தடுப்பில் முனைவர் பட்டம்: ஆஸ்லோவா, ஆஸ்திரேலியாவா, சென்னையா?

பிசியோதெரபியில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு, காயம் பட்டவரைத் தேற்றுவதோடு நில்லாமல் காயமே வராமல் தடுக்கும் ஆய்வில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களைத்தான் எடைபோடுகிறார்கள். நானும் அப்படி எடைபோட்டுப் பார்த்து, நார்வே விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பண விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்; கல்விக் கட்டணம் கிடையாது; காலம் மூன்று ஆண்டுகள், கற்பித்தல் முதலிய பணிகளும் சேர்ந்தால் நான்கு. ஆஸ்திரேலியாவில் அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்ட உதவித்தொகை கிடைத்தால் நிம்மதியாகப் படிக்கலாம், ஆனால் வெளிநாட்டவருக்கு அதில் போட்டி கடுமை. இந்தியாவில் யுஜிசியின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதற்கான நெட் தேர்வில் உடற்கல்வி ஒரு பாடமாக உண்டு, பிசியோதெரபி இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பணமன்று, காயப் பதிவேடு. நம் மருத்துவமனைகளில் முழங்கால் கிழிந்து வருபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்தவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கும். அதே பருவத்தில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் ஆடி, காயமின்றி வீடு திரும்பினார்கள் என்ற கணக்கு இராது. அது இல்லாமல் ஆயிரம் மணி நேர ஆட்டத்துக்கு எத்தனை காயம் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடியாதவரை ஒரு பயிற்சித் திட்டம் காயத்தைக் குறைத்தது என்று நிறுவவும் முடியாது. முழங்கால் மூட்டிலுள்ள ஏசிஎல் என்னும் தசைநாரின் கிழிவு போன்ற காயங்கள் ஓர் அணியில் ஒரு பருவம் முழுக்க நேராமலே போகலாம், நேர்ந்தாலும் ஒன்றோ இரண்டோதான் என்பதால், பல அணிகளைப் பல பருவங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. தனியொரு ஆய்வாளர் மூன்று ஆண்டுகளில் அந்தப் பதிவேட்டை உருவாக்கி, அதை வைத்து ஆய்வேடும் எழுதுவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

நார்வேயில் பெண்கள் கைப்பந்தாட்டத்தில் நடந்த ஆய்வு இதற்குச் சரியான சான்று. நாம் வாலிபால் என்று சொல்லும் ஆட்டமன்று அது, ஹேண்ட்பால். மேல்நிலை மூன்று பிரிவு அணிகளில் 1998-99 பருவத்தில் 29 ஏசிஎல் கிழிவுகள் பதிவாயின; சமநிலைப் பயிற்சிகள் தொடங்கிய அடுத்த பருவத்தில் 23, அதற்கடுத்த பருவத்தில் 17. ஆய்வு முடிந்து பயிற்சி தளர்ந்த பிறகு கிழிவுகள் மீண்டும் கூடின. அப்படிக் கூடியது தெரியவந்ததே எண்ணிக்கை நிற்காமல் தொடர்ந்ததால்தான், என் மனத்தில் ஆழமாகப் பதிந்ததும் அதுதான். 2004 முதல் ஏசிஎல் அறுவை சிகிச்சைகளுக்கென்று அந்நாட்டில் தேசியப் பதிவேடும் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் வலியோடு ஆடுபவர்களும் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக, ஆஸ்லோ மையம் 2013-இல் வெளியிட்ட வினாத்தாள் நான்கே கேள்விகள் கேட்கிறது: பங்கேற்பதில் சிரமம் இருந்ததா, பயிற்சியைக் குறைத்தீர்களா, ஆட்டத்திறன் பாதிக்கப்பட்டதா, வலி எவ்வளவு. மருத்துவரிடமே வராத தோள்வலியும் முழங்கால் வலியும் இதில் வாரந்தோறும் பதிவாகின்றன.

ஆஸ்திரேலியா இந்த அளவுகோலில் பின்தங்கியது அன்று. அவர்களது கால்பந்து லீகான ஏஎப்எல் 1992 முதல் காயக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது, கிரிக்கெட்டிலும் நீண்டகாலப் பதிவுகள் உள்ளன. வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பு விரிசல்தான் உங்கள் கேள்வி என்றால், நான் ஆஸ்லோவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அங்கே படித்தவன் அல்லன் என்பதால், நெறியாளர்கள் எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்பது போன்றவற்றை அங்குள்ள மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்லோவிலும் ஒரு கடினம் உண்டு: ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் பயிற்சியாளரிடமும் பதினைந்து வயது வீராங்கனையிடமும் மனம்விட்டுப் பேச நார்வே மொழி வேண்டும், பணி விளம்பரங்கள் பலவும் ஏதேனும் ஒரு ஸ்காண்டிநேவிய மொழியைக் கேட்கின்றன.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போக முடியாதவர்களுக்கு, யுஜிசியின் 2022 விதிமுறைகள் அனுமதிக்கும் பகுதிநேர முனைவர் பட்டம் மதிக்கத்தக்க வழியே. சென்னையில் மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும், போரூரில் விளையாட்டு அறிவியல் மையம் வைத்திருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தையும் விசாரிக்கலாம். ஆனால் தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே, கபடியோ கால்பந்தோ, தினசரி வருகைப் பதிவேட்டையும் பயிற்சி நேரத்தையும் தடையின்றித் தரச் சம்மதிக்கும் பயிற்சியாளர்கள் சிலரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிச் சென்ற பிறகு அந்தப் பதிவேட்டை யார் எழுதுவார் என்பதையும் நெறியாளரிடம் அப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.