ஆச்சியின் பட்டன் போனும் அந்த 5-ம்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் போன மாதம் ஆச்சிக்குப் பட்டன் போன் வாங்கினேன். டார்ச், எஃப்எம், பெரிய எழுத்து எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைக்கார அண்ணாச்சி ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்: 5-ஐ அழுத்திப் பிடித்தால் நேரே அவசர உதவி எண்ணான 112-க்குப் போய்விடும். 2017 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9-க்கு இந்த வசதி இருக்க வேண்டும் என்பது அரசு விதியாம்.

வசதி வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. ஆச்சி போனைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு திணித்து வைக்க, பாக்குவெட்டி அமுக்கி இரண்டு தடவை 112-க்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை எதிர்முனையில் "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறார்கள், ஆச்சியோ "யாருய்யா பேசுதே, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிட்டாள், நான் ஓடிப்போய் வாங்கி மன்னிப்புக் கேட்டு வைத்தேன். இதை நிறுத்த மெனுவில் வழியே இல்லை. அரை மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

அத்தான் ஷார்ஜாவில் இருக்கிறார், அங்கே போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. சிங்கப்பூரில் இருக்கும் மதினிக்குப் போலீஸ் அதே 999, ஆம்புலன்ஸ் மட்டும் 995. லீவுக்கு வந்தால் இங்கே 100, 101, 108 என்று தனிக் கணக்கு. இத்தனைக்கும் நடுவில் 112-ஐயும் 911-ஐயும் எந்த நாட்டில் அடித்தாலும் அவசர அழைப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மொபைல்களுக்கான சர்வதேசத் தரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கீபேட் லாக்கைக்கூட எடுக்க வேண்டாம்.

அப்புறம், டவரே இல்லாத காட்டிலும் 112 போகும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அது சுத்தப் பொய். காரையாறு போனபோது என் போனில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தது, நம் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம், அதன் வழியாக அழைப்பு போகும். இன்னும் மேலே ஏறியதும் அந்த எழுத்தும் போய்விட்டது, அத்தோடு 112-ம் போச்சு.

போன் போனாலும் ஆள் வந்து சேருவது வேறு கதை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா விழுந்தபோது 108-க்கு நான்தான் அடித்தேன், பதற்றத்தில் "விலக்குல இருந்து உள்ள வாங்க" என்கிறேன் (விலக்கு என்றால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரிகிற இடம்), சென்னையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்த விலக்கு என்று எப்படித் தெரியும்? பொறுமையாக மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். அதே வரிசையில் ஒரு சீட்டு எழுதி ஆச்சி போனின் முதுகில் ஒட்டியிருக்கிறேன்.

விலை 1,400 ரூபாய், தாராளமாக வாங்கலாம், ஆனால் கெட்டியான உறை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது போன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, கண்ணாடி பாக்குவெட்டியோடு சுருக்குப்பைக்குள்.