முதலுதவி கற்க எது சரி: வகுப்பறையா, திரையா, இரண்டும் கலந்ததா?

முதலுதவியை நான் இரண்டு தடவை கற்றிருக்கிறேன். முதல் தடவை முழுநாள் நேரடி வகுப்பு. காலை முழுக்க ஸ்லைடுகள், மார்பை அழுத்திப் பழக இருபது பேருக்கு இரண்டே பொம்மைகள். என் முறை வருவதற்குள் மாலையாகிவிட்டது. மூன்று நிமிடம் அழுத்திப் பார்த்திருப்பேன். சில ஆண்டுகள் கழித்துக் கலப்பு முறை: வீட்டில் இணையப் பாடம், அப்புறம் அரைநாள் கைப்பயிற்சி. ஆகவே நான் முழு நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரடி வகுப்பின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: தப்பாகச் செய்தால் அங்கேயே ஒருவர் திருத்துவார். சிபிஆரையே, அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முறையையே, எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மார்பை 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். படிக்க மூன்று வரிதான். செய்யும்போது முழங்கை மடங்கிவிடும், வேகம் ஏறிவிடும். களைப்பு வந்ததும் முதலில் குறைவது ஆழம். அழுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். நல்ல மூச்சோடு இருப்பவரின் மார்பில் இதைப் பழகிப் பார்க்கவும் முடியாது. 1960-இல் நார்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் ரெசசி ஆன் என்ற பயிற்சிப் பொம்மையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு ஆழம் சரியா என்று விளக்கெரிந்து காட்டும் பொம்மைகளும் வந்துவிட்டன. பொம்மை இல்லாத சிபிஆர் பாடம் நீரில்லாத நீச்சல் பாடம்தான்.

பலவீனம், அந்தப் பொன்னான நேரத்தை வகுப்பு விரிவுரையில் கரைப்பது. தீப்புண்ணில் பற்பசை தடவாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள் என்று சொல்ல ஒரு பயிற்றுநர் நேரில் நிற்க வேண்டுமா?

அந்த வேலையைத் திரை நன்றாகவே செய்யும். சில விஷயங்களில் வகுப்பைவிட ஒருபடி மேல். இதயம் நின்ற சிலருக்கு முதல் சில நிமிடங்கள் விட்டுவிட்டு இழுக்கும் ஒருவித மூச்சு இருக்கும். பார்ப்பவர்கள் ‘மூச்சு இருக்கிறதே’ என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். அது மூச்சே அல்ல, உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். இதைப் பயிற்றுநர் நடித்துக் காட்டினால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். காணொளியில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், கூச்சமும் இல்லை.

ஆனால் திரையோடு முடித்துக்கொள்வது ஆபத்து. வினாடி வினாவில் பத்துக்குப் பத்து வாங்கியவருக்கு ‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு வந்துவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. தலையணையை அழுத்திப் பார்க்கலாம். அது மார்பெலும்பு தரும் எதிர்ப்பைத் தராது. வேறு வழியே இல்லாதவருக்கு இணையப் பாடம் மட்டும் கிடைத்தாலும் நல்லதுதான். அரைகுறையாக அழுத்துவது, கைகட்டி நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

சரி, கலப்பு முறை. உயிர்காப்புப் பயிற்சிகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வகுக்கும் இல்கோர் அமைப்பு, வசதி இருக்கும் இடங்களில் இந்த முறையையே 2022-இல் பரிந்துரைத்தது. கையிலுள்ள சான்றுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்பதையும் அதே மூச்சில் சொன்னது. என் அனுபவத்தில் வித்தியாசம் நேரக் கணக்கில்தான். அரைநாளே நடந்தாலும், முழுநாள் வகுப்பைவிடப் பல மடங்கு நேரம் என் கை பொம்மைமேல் இருந்தது. தொண்டை அடைத்தவருக்கு முதுகில் தட்டுவது, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் பட்டைகளை ஒட்டுவது எல்லாம் இரண்டு மூன்று தடவை செய்தோம்.

குறைகளும் இதற்கே உரியவை. இணையப் பகுதியைப் பலர் படிப்பதில்லை, சொடுக்கித் தள்ளுகிறார்கள். எங்களோடு வந்த ஓர் அம்மா, பாடத்தை முடித்தது தன் மகன்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். (பொம்மையை எங்கள் எல்லோரையும்விடச் சரியாக அழுத்தியவரும் அவர்தான்.) யாரும் படித்து வரவில்லை என்று பயிற்றுநருக்குத் தோன்றினால் மறுபடி முதலிலிருந்து விரிவுரை தொடங்கிவிடும், அப்போது இரண்டு உலகத்தின் நஷ்டமும் நமக்கே. பாடத்துக்கும் பயிற்சிக்கும் நடுவே ஒரு மாதம் ஓடிவிட்டாலும் இதே கதைதான். திரையோடு பழக்கமில்லாதவருக்கு நல்ல நேரடி வகுப்பையே சொல்வேன்.

மறதி விஷயத்தில் மூன்றுமே தோற்கின்றன. சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு ஆண்டு செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே தேயத் தொடங்கும். எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதைக் காணொளி மீட்டுத் தரும், அழுத்தத்தின் ஆழத்தைத் தராது. ஆகவே பணம் கட்டுமுன் நான் இப்போது கேட்பவை மூன்று: ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? இணையப் பாடம் முடிந்து எத்தனை நாளில் கைப்பயிற்சி? ஆறு மாதம் கழித்து அரைமணி நேரம் வந்து அழுத்திப் பார்க்க விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘வாங்க’ என்று சொன்ன இடம் இதுவரை ஒன்றே ஒன்று.