55 ஓலெட்டா, 65 மினி எல்இடியா? எங்கள் ஹாலில் நடந்த பஞ்சாயத்து

எங்கள் வீட்டு 40 இன்ச் டிவி ஒன்பது வருடம் உழைத்துவிட்டு போன ஆவணியில் படுத்துவிட்டது. சத்தம் வரும், டார்ச் அடித்துப் பார்த்தால் படமும் மங்கலாகத் தெரியும், பின்னால் இருக்கும் விளக்குப் பட்டைதான் போயிருந்தது. சரிசெய்ய வந்தவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மாவே "அதுக்குப் புதுசே வாங்கிடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டாள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையப்போகிறது, 2025 செப்டம்பர் 22 முதல் அமல் என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. சரி, அதுவரை பொறுப்போம் என்று உட்கார்ந்ததில் அலசுவதற்கு நிறைய நேரம் கிடைத்துவிட்டது, தேவைக்கு மேலேயே.

கடைசிச் சுற்றுக்கு மூன்று வந்தன, மூன்றும் மூன்று வகைத் திரை, என்ன வகை என்று பின்னால் சொல்கிறேன்: 55 இன்ச் ஓலெட், 65 இன்ச் மினி எல்இடி, 65 இன்ச் சாதா க்யூலெட். எங்கள் ஊர்க் கடைகளில் முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் நின்றன, மூன்றாவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். புரொஜெக்டர் என்று என் தம்பி ஒருநாள் ஆரம்பித்தான். பகலில் ஜன்னலைச் சாத்தி, ஸ்கிரீனை இழுத்துவிட்டுத்தான் மதியச் செய்தி பார்க்க வேண்டும் என்றதும் அவனே விட்டுவிட்டான்.

முதலில் அளவு. சுவரில் அளந்து பார்க்காமல் யாரும் இன்ச் கணக்கை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. 55 இன்ச் திரை அகலத்தில் சுமார் 122 செ.மீ., உயரத்தில் 69. 65 என்றால் 144-க்கு 81. 75 என்றால் 166-க்கு 93. பத்து இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பரப்பளவில் 55-ஐவிட 65 நாற்பது சதவீதம் பெரிது. பழைய பேப்பர்களை ஒட்டி இரண்டு அளவிலும் வெட்டி, பெரியதன் மேல் சின்னதை வைத்து மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் நாள் பார்த்த அம்மா, "என்னடா இது, கண்ணீர் அஞ்சலி பேனர் மாதிரி" என்றாள். நாலாம் நாள் காபி குடித்துக்கொண்டே உள்ளே இருந்த சின்னத் தாளைக் காட்டி, "இது ரொம்பச் சின்னதா இருக்கே" என்றாள். கண் பழகுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பெரிதாக வாங்கிவிட்டோமே என்று வருந்துபவர்களைவிட, இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உட்காரும் தூரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. டிவியின் இன்ச்சை 1.6-ஆல் பெருக்கினால் எத்தனை இன்ச் தள்ளி உட்காரலாம் என்று வரும். 55-க்கு ஏழேகால் அடி போல, 65-க்கு எட்டே முக்கால் அடி, 75-க்குப் பத்து அடி. எங்கள் சோபாவிலிருந்து சுவர் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. 65 கனகச்சிதம்.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல தரத்தில் படம் வந்தால்தான் பொருந்தும். எங்கள் வீட்டில் பாதி நேரம் ஓடுவது கேபிள், அதுவும் எஸ்டி எனும் பழைய சாதாரணத் தரச் சேனல்கள். எஸ்டி படத்தில் இருப்பது 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது சேனல் தரும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி இருபது புள்ளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும். 40 இன்ச்சில் உறுத்தாத சீரியல், 65-ல் நனைந்த காகிதத்தில் அச்சடித்த மாதிரி கசங்கித் தெரியும். என்ன விலை கொடுத்து எந்த டிவி வாங்கினாலும் இதற்கு முழு மருந்து கிடையாது. இந்த நிரப்பும் வேலையை நன்றாகச் செய்வது டிவிக்குள் இருக்கும் பிராசஸர். விலை குறைந்த மாடல்களில் முதலில் கை வைப்பதும் அதில்தான். கேபிள் பெட்டியை எச்டிக்கு மாற்றிக்கொள்ளும் செலவையும் டிவி பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். எச்டி என்றால் நான்கு மடங்கு ஊகித்தால் போதும், அதை எந்த டிவியும் சுமாராகச் செய்துவிடும்.

அடுத்து வகை. பேர்களில்தான் குழப்பமே. க்யூலெட் என்ற பேரை 2017-ல் சாம்சங் கொண்டுவந்து பரப்பியது, இப்போது பல கம்பெனிகளும் போட்டுக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் (QLED, OLED) ஒற்றை எழுத்துதான் வித்தியாசம் என்பதால் ஓலெட்டுக்கு உறவுக்காரன் போலத் தெரியும். ஒரு சம்பந்தமும் இல்லை. அது பழைய எல்இடி டிவியேதான். பின்னால் விளக்கு, முன்னால் அந்த ஒளியை விட்டும் மறைத்தும் படம் காட்டும் எல்சிடி, நடுவில் நிறத்தைச் சுத்தமாக்க ஒரு குவாண்டம் டாட் படலம். நிறம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கறுப்பு கறுப்பாக இருப்பது பின்விளக்கைப் பொறுத்த விஷயம், படலத்துக்கு அதில் வேலை இல்லை. விலை குறைந்த பல மாடல்களில் மொத்தத் திரைக்கும் விளக்கு ஒன்றாகவே எரியும், ஒன்றாகவே மங்கும். ராத்திரிக் காட்சியில் வானம் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

மினி எல்இடி என்பது இதே அமைப்பில் விளக்குகளை மட்டும் பொடிப்பொடியாக ஆக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கி, பகுதி பகுதியாக அணைத்து எரியவிடுவது. 2019-ல் டிசிஎல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பகுதிகளுக்கு டிம்மிங் ஜோன் என்று பேர். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை ஜோன்?" என்பதுதான். நான் கேட்ட நாலு கடையில் மூன்றில் "சார், இது 4கே சார்" என்று பதில் வந்தது.

ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் அணைந்த கறுப்பு. கடையில் இதற்கென்று ஒரு இருட்டு அறை வைத்திருந்தார்கள். அங்கே கறுப்புப் பின்னணியில் ஒரு விளக்குத் திரி எரிவதைக் காட்டியபோது, ஒப்புக்கொள்கிறேன், கார்டை எடுத்து நீட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. அதே டிவியை வெளியே டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். விற்பனைப் பையன் தயங்கினான், ஆனாலும் காட்டினான். திரையில் என் சட்டைப் பித்தான் வரை தெரிந்தது.

எங்கள் ஹாலில் டிவி மாட்டும் சுவருக்கு நேர் எதிரே பால்கனிக் கதவு. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெளிச்சம் அப்படியே வந்து விழும். ஓலெட்டில் சின்ன இடம் பளிச்சென்று எரிய வேண்டுமானால் எரியும். திரை முழுவதும் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்றால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுக்குள் வைக்க அதுவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அப்படி முழுத்திரை வெளிச்சம் கேட்கும் நிகழ்ச்சி எது? பகலில் நடக்கும் கிரிக்கெட். பச்சை மைதானம், வெள்ளை உடை, அதுவும் டெஸ்ட் என்றால் ஐந்து நாள். மினி எல்இடி இந்த இடத்தில் சிரமமே இல்லாமல் ஜெயிக்கிறது.

இரண்டாவது சிக்கல் தழும்பு. ஒரே உருவம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் எரிந்தால் ஓலெட்டின் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து, நிழல் போல நிரந்தரமாகத் தங்கிவிடும். எங்கள் வீட்டுத் திரையில் என்னென்ன நிற்கிறது என்று ஒரு சாயங்காலம் கவனித்தேன். மூலையில் சேனல் முத்திரை, கீழே ஓடும் செய்திக்கு ஒரு சிவப்புப் பட்டை, அதன் மேல் "பிரேக்கிங்" என்று அசையாத ஒரு கட்டம். அம்மா காலையில் காய் நறுக்கும்போது போடும் செய்திச் சேனல் மதியம் சாப்பாடு முடியும்வரை ஓடும், அவள் பார்க்கிறாளா என்பது வேறு விஷயம். புது ஓலெட்டுகளில் படத்தை லேசாக நகர்த்துவது, முத்திரையை மங்கவிடுவது என்று பாதுகாப்புகள் உண்டு. கலந்து கட்டிப் பார்க்கும் வீடுகளில் பயப்படத் தேவையில்லை. ஒரே செய்திச் சேனல் நாள் முழுக்க ஓடும் வீட்டில் நான் துணிய மாட்டேன்.

இதில் எல்இடிக்காரர்கள் ரொம்பத் துள்ளவும் வேண்டாம். ஆர்டிங்ஸ் என்ற கனடா நாட்டுப் பரிசோதனைத் தளம் 2022 கடைசியில் நூறு டிவிகளை வரிசையாக வைத்து, சிஎன்என் சேனலை ஓடவிட்டு, எது எப்படிக் கெடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தது. ஓலெட்டுகளில் எதிர்பார்த்தபடி தழும்பு வந்தது. ஆனால் ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய எல்இடிகளும் சூட்டில் உள்ளே தகடு வளைந்து, வெளிச்சம் திட்டுத் திட்டாகிப் படுத்தன. ஆகவே, ஒரு டிவி தகடு மாதிரி மெல்லிசாக இருக்கிறது என்று மயங்கும் முன் விளக்கு ஓரத்திலா, முழுப் பின்புறத்திலா என்று கேளுங்கள்.

ஓலெட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் எல்லாரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் தரையில், ஒருவர் டைனிங் டேபிளில், ஒருவர் வாசல் நிலையில் சாய்ந்து. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓலெட் படம் பெரிதாக மாறாது. மற்ற இரண்டும் எல்சிடி. அதில் விஏ என்ற வகைப் பேனல் என்றால் நேரே பார்க்க அருமை, கோணம் போகப் போக வெளுக்கும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் கோணம் பரவாயில்லை, கறுப்பு கைவிடும். நாங்கள் பார்த்த மினி எல்இடி விஏ. டைனிங் டேபிளிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வெளுப்பு தெரியத்தான் செய்கிறது.

மீதி எல்லாம் சின்ன விஷயங்கள். பிளேஸ்டேஷன் 5 போல கேம் பெட்டி ஏதாவது இருந்தால் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறுவது), அதற்கான எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு இரண்டும் வேண்டும், மற்றவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் முறைகளில் சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ்தான். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. மூன்றிலுமே சத்தம் சுமார், சவுண்ட்பார் செலவு எப்படியும் வரும். கரண்ட் கணக்கும் போட்டேன். 150 வாட் இழுக்கும் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 2025-ல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாக இருந்த நூறு யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதி.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் கிளிகளும் எரிமலைகளும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும், அதற்காகவே எடுக்கப்பட்டவை அவை. நான் வீட்டில் எடுத்த ஒரு ராத்திரி வீடியோ, முழுச் சாம்பல் நிறத்தில் ஒரு படம், ஒரு பழைய எஸ்டி பாட்டு, இந்த மூன்றையும் போட்டேன். சாம்பல் படத்தில்தான் சாதா க்யூலெட் மாட்டியது: நாலு மூலையும் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது. படத்தைப் பளிச்சென்று காட்டும் விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றச் சொன்னதும் முகங்கள் ஆரஞ்சிலிருந்து மனித நிறத்துக்கு வந்தன. வாங்கிய பிறகு முதல் வேலையும் அதுதான், கூடவே அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைப்பது. இல்லாவிட்டால் சினிமா சீரியல் போல இருக்கும்.

65 மினி எல்இடியை எடுத்தோம். பெட்டி ஆட்டோவில் ஏறாது, குட்டி யானையில்தான் வந்தது. படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தியே தூக்க வேண்டும் என்பதால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டு பேரும் பத்து நிமிடம் திணறினார்கள். மாட்ட வந்தவர் வழக்கம்போல ஆளுயரத்தில் துளை போடப் போனார். சோபாவில் உட்கார்ந்து என் கண் மட்டத்தை டேப் வைத்து அளந்து, திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 105 செ.மீ.யில் வரும்படி இறக்கச் சொன்னேன். "எல்லாரும் மேலதான் சார் மாட்டுவாங்க" என்றார்.

மூன்று மாதம் ஆகிறது. பகலில் குறை ஒன்றும் இல்லை, அம்மா பால்கனிக் கதவைத் திறந்துபோட்டே செய்தி பார்க்கிறாள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி லேசாக ஒரு ஒளிவட்டம், கோயில் படத்தில் சாமி தலைக்குப் பின்னால் வருமே அந்த மாதிரி. ஓலெட்டில் இது இருக்காது. டிவிக்குப் பின்னால் ஒரு மங்கலான விளக்கைப் போட்டுவைத்திருக்கிறேன், முக்கால்வாசி மறைந்துவிடுகிறது. தம்பிக்கு அது தெரிவதே இல்லையாம். எனக்குத் தெரிகிறது.