20 நிமிட டொக்டர், 3 மணி நேரக் கதிரை: சலப்பைப் புற்றுநோய்க்குக் கொழும்பில் சனல் பண்ணிய கதை

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் திட்டப் போகிறேன். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

அப்பாவுக்கு 66 வயது, அதில் நாற்பது வருஷம் சிகரெட். வலி எதுவும் இல்லாமல் ஒருநாள் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது, அப்படித்தான் தொடங்கியது. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து பயொப்சிக்கு அனுப்பினார்கள், சலப்பைப் புற்றுநோய் (சிறுநீர்ப்பையில் வருவது), புரஸ்டேட்டுக்குள்ளும் (சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) போயிருக்கிறது என்று வந்தது. வேறொரு இடத்தில் பார்த்த முதல் டொக்டர் ஸ்கேன் உறையின் மேல் டீ4ஏ (T4a) என்று கிறுக்கிவிட்டு, நான்கு நிமிடத்தில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். நாங்கள் அதை நாலாம் கட்டம் என்று வாசித்தோம். வெள்ளவத்தை வரும்வரை தங்கச்சி த்ரீவீலுக்குள் அழுதுகொண்டே வந்தாள், அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இன்னொருவரிடமும் காட்டுவோம் என்றுதான் இங்கே சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க நம்பர் எடுத்தோம். எஸ்எம்எஸ்ஸில் மாலை 6 மணி, எங்கள் நம்பர் 23, டொக்டர் வந்ததே ஏழே முக்காலுக்கு. சலப்பை வருத்தக்காரர்கள் இருபது முப்பது பேரை உட்கார வைத்திருக்கும் தளத்தில் ஆண்களுக்கு ஒரே ஒரு டொய்லட், அதுவும் தாழ்ப்பாள் இல்லாமல். அப்பா நான்கு தடவை போனார், நான்கு தடவையும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டரில் சொன்னால் "ஓம் அண்ணா, சொல்லியிருக்கு" என்கிறார்கள். ஏசி வேறு மார்கழிக் குளிர்.

ஆனால் டொக்டர், அவருக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். சிங்களவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம். அப்பாவை "தாத்தா" என்று கூப்பிட்டார். சிங்களத்தில் அது அப்பா தான் என்று தெரிந்தும் அப்பாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பழைய உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பலூனைத் தலைகீழாக வரைந்து, அதன் வாய்க்குக் கீழே நெல்லிக்காய் அளவில் புரஸ்டேட்டை வரைந்து, நடுவால் சிறுநீர்க் குழாயை இழுத்தார். பிறகு இரண்டு அம்புக்குறி. ஒன்று சலப்பைச் சுவர் முழுவதையும் துளைத்துக்கொண்டு வெளியால் புரஸ்டேட்டுக்குள் போவது. மற்றது குழாயின் உள்தோலில் இருந்து மெல்ல மெல்லப் பக்கத்துச் சதைக்குள் இறங்குவது. இரண்டுக்கும் ரிப்போட்டில் "புரஸ்டேட்டில் இருக்கிறது" என்றுதான் வரும், ஆனால் ஆள் எவ்வளவு காலம் இருப்பார் என்பதில் பெரிய வித்தியாசம் என்றார்.

எவ்வளவு என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. 1996ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், சலப்பையையும் புரஸ்டேட்டையும் சேர்த்து எடுத்தவர்களில், சுவரைத் துளைத்து வந்தவர்கள் 5 வருஷம் தாண்டியது நூற்றுக்கு 21 பேர், குழாய் வழியாக வந்தவர்கள் 55 பேர். பழைய கணக்கு, முதல் கூட்டத்தில் ஆட்களும் மிகக் குறைவு, தாத்தாவின் தலையில் இதை எழுதி ஒட்ட வேண்டாம் என்று உடனேயே சொன்னார். உள்தோலோடு மட்டும் நின்றிருந்தால் இன்னும் நல்லது, சிலருக்குச் சுரண்டிவிட்டு பீசீஜீ மருந்து விடுவதோடு பார்க்கலாமாம் (ஓம், காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் அதே பீசீஜீ). நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் மட்டும் எந்த வழியால் வந்தாலும் கஷ்டம்.

அந்த டீ4ஏ விஷயம். டீ என்பது கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கான எழுத்து, கட்டம் வேறு. கணுவிலோ தூர உறுப்பிலோ இல்லாதவரை டீ4ஏ மூன்றாம் கட்டம்தான். அதுவும் குழாய் வழியாக வந்ததை டீ4ஏயில் சேர்ப்பதை கட்டம் பிரிப்பதற்கு 2010ல் வந்த விதியோடு நிறுத்திவிட்டார்களாம். நாங்கள் ஒரு கிழமை சோறு இறங்காமல் இருந்தது ஓர் எழுத்துக்காக.

மாமா போனில் சொன்ன பீஎஸ்ஏ டெஸ்டையும் (புரஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். இது புரஸ்டேட்டில் குடியேறிய சலப்பைப் புற்றுநோய், புரஸ்டேட்டின் சொந்தப் புற்றுநோய் இல்லை, பீஎஸ்ஏயும் ஹோமோன் ஊசியும் இதற்குச் சரிவராது.

குழாய்ப் பக்கத்தில் இன்னொரு பயொப்சி எடுக்கச் சொன்னார், எடுத்தோம், குழாய் வழி என்று வந்தது. ஸ்கேனில் கணுக்கள் வீங்கவில்லை, அப்பாவின் கிட்னியும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தாங்கும். முதலில் கீமோ, பிறகு ஒப்பரேஷன். "கீமோவுக்கு இங்கே காசைக் கொட்டாதீர்கள், மகரகமையில் இலவசம்" என்று கடிதம் எழுதித் தந்தவரும் அவரேதான், தனியார் ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு! இப்போது 138 பஸ்ஸில் மகரகமையில் உள்ள அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியான அபேக்ஷாவுக்குப் போய் வருகிறோம், மூன்று சுற்று முடிந்துவிட்டது. ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்கு வெளியே சிறுநீர் சேரும் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு சாரம் உடுத்தலாமா என்பதுதான் அப்பாவின் ஒரே கேள்வி.

டொக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை, அந்த அரையும் கன்டீன் முட்டை ரோலுக்கு. போகிறவர்கள் ஜம்பர் ஒன்று கொண்டுபோங்கள், டொய்லட் கதவைப் பிடிக்க ஓர் ஆளையும்.