நடக்கும் மூளையைப் படம் பிடிக்க: எஃப்எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா?

உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அவற்றைத் தலையில் வைத்துப் பட்டையால் இறுக்கி, 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் விடுகிறார்கள். முதலில் ஊறல் எடுக்கும், பிறகு அடங்கிவிடும். டிடிசிஎஸ் எனப்படும் சிகிச்சை இவ்வளவுதான். நரம்பின் மைலின் உறை சிதைந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) நோயில் களைப்புக்கும் நடைத் தடுமாற்றத்துக்கும் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சிலர் தேவலை என்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. மின்சாரம் மூளைக்குள் போகிறதா என்ற சந்தேகமும் நியாயமானதுதான். 2018இல் புஜாகி, பெரேனி குழுவினர் இறந்தவர் உடல்களில் அளந்தபோது, ஏறத்தாழ 75 விழுக்காடு தோலிலும் மண்டையோட்டிலுமே வீணானது. அதனால் நோயாளியின் வாய்ச்சொல்லோடு நிற்க முடியாது, உள்ளே பார்த்தாக வேண்டும். எதைக் கொண்டு பார்ப்பது என்பதில்தான் போட்டி.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைக் காந்தப்புலத்தால் படம் பிடிக்கும் ஸ்கேன். கதிர்வீச்சு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், இரண்டு நொடிக்கு ஒரு முறை முழு மூளையும் படமாகும். ஸ்கேனருக்குள் படுக்க வைத்தே மின்சாரம் கொடுத்து, மூளை அந்தக் கணமே என்ன செய்கிறது என்று பார்க்கலாம் என்பது கேட்கவே கவர்ச்சியான யோசனை.

கிட்டே போனால்தான் சிக்கல் தெரியும். ஸ்கேனருக்குள் நுழையும் கம்பி சூடாகாமலிருக்க நடுவில் மின்தடைகளைக் கோக்க வேண்டும். ஸ்பாஞ்சு காய்ந்தால் உள்ளே கைவிட்டு நனைக்க வழியில்லை, ஆகவே பசை தடவுகிறார்கள். பெரிய தலைவலி வேறு: பாய்கிற மின்சாரமே ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கிப் படத்தைக் குழப்புகிறது. 2014இல் ஆண்டல் குழுவினர் இறந்தவர்களின் தலையில் மின்சாரம் வைத்து எஃப்எம்ஆர்ஐ எடுத்தார்கள். அங்கேயும் ‘சமிக்ஞை’ வந்தது! பிணத்தின் மூளை வேலை செய்யாது என்று நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாதே.

அதைச் சமாளித்தாலும் நோய் விடாது. எஃப்எம்ஆர்ஐ நரம்பை நேராகப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை வைத்து ஊகிக்கிறது. எம்எஸ் நோயில் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறனே குறையக்கூடும். படம் மங்கினால் சோர்ந்தது நரம்பா, குழாயா? எல்லாவற்றுக்கும் மேலாக, நடப்பதற்காகச் சிகிச்சை பெறுகிறவரை அசையாமல் படு என்று சொல்லித்தான் இந்தச் சோதனையே நடக்கிறது.

எஃப்டிஜி ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேன் இங்கேதான் முந்துகிறது. எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரை. பசித்த செல் அதை வாங்கிக்கொள்ளும், ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே பூட்டி வைத்துவிடும். அதிலிருந்து வரும் கதிர்வீச்சைத்தான் பெட் ஸ்கேனர் படமாக்குகிறது. ஊசி போட்ட பிறகு மின்சாரமும் கொடுக்கலாம், ஆளை நடக்கவும் விடலாம்; ஸ்கேனரில் படுப்பது அதற்கப்புறம். படுத்தபின் எடுத்த படத்தில் தெரிவதோ நடந்தபோது இருந்த மூளை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தோர்ஸ்டன் ருட்ராஃப் குழுவினர் இதே உத்தியால் எம்எஸ் நோயாளிகளின் கால் தசைகளைப் பார்த்தார்கள். ஒரு கால் ஒரு விதமாகவும் மறுகால் வேறு விதமாகவும் சர்க்கரையை இழுத்தது 2014இல் அவர்கள் வெளியிட்ட படங்களில் தெரிந்தது. ஸ்கேனருக்கு வெளியே ஸ்பாஞ்சு நனைந்தே இருக்கும், மின்சாரம் படத்தைக் கெடுக்கவும் வாய்ப்பில்லை.

இதற்கும் விலை உண்டு. ஃப்ளோரின்-18 பாதியாகக் கரைய 110 நிமிடம் போதும், மருந்து பக்கத்திலிருந்து வர வேண்டும். பல மணி நேரம் பட்டினி. கதிர்வீச்சு ஒரு ஊசிக்குச் சுமார் 3.5 முதல் 7 மில்லி சீவர்ட். இயற்கையிலிருந்து ஆண்டு முழுதும் நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4தான். நிஜச் சிகிச்சைக்கு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் போலிச் சிகிச்சைக்கு ஒன்று என்று இரண்டு ஊசியாவது வேண்டும். வருவதோ அரை மணி நேரத்தைக் குழைத்துத் தரும் ஒரே படம். எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்க முடியாது. போதாததற்கு எஃப்டிஜி சிறுநீரில் இறங்கும். சிறுநீரை அடக்க முடியாத தொல்லை எம்எஸ் நோயாளிகளில் பலருக்கு உண்டு. இதை யோசிக்காமல் நேரம் குறிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி மலிவு, மில்லி நொடிக் கணக்கில் வேகம். ஆனால் மின்சாரம் ஓடும்போது அந்த இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

என் தேர்வு இது. ஒரே அமர்வில் மின்சாரம் நடையை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு பெட். வாரக்கணக்கில் வீட்டிலேயே தரும் சிகிச்சைக்கு, தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் மின்சாரம் இல்லாமல் எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ. ஸ்கேனருக்குள்ளேயே மின்சாரம் கொடுக்கும் வித்தைக்கு என் காசு இல்லை.

இரண்டு பக்கமும் மதிக்காத ஒன்று சாதாரண எம்ஆர்ஐ, உருவத்தை மட்டும் காட்டுவது. மூளையைச் சுற்றியுள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மண்டையோடு தடுக்கும். எம்எஸ் நோயில் மூளை சுருங்கச் சுருங்க அந்த நீர் பெருகி, மின்சாரம் போகும் பாதையும் ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் படத்தை வைத்து, இவருக்கு 2 மில்லி ஆம்பியரில் எவ்வளவு எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடலாம். சிலருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்வியை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.